புறாக்கழுத்துச் சாடி

காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறப்பேன். அடுப்பில் தண்ணீர் வைத்து ஒரு முட்டையைப் போடுவேன். கொதிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன். ரொட்டி வெட்டுவேன். முட்டையை உரித்து, உப்புத் தொட்டுச் சாப்பிடுவேன். தட்டைக் கழுவிக் கவிழ்ப்பேன். மேசையைத் துடைப்பேன். என் பாதியை மட்டும்.

மறுபாதியில் சாடி இருக்கிறது.

பழைய கண்ணாடிப் பூச்சாடி. முழங்கை உயரம். அடி அகன்று, இடை ஒடுங்கி, வாய் மறுபடி விரியும். இன்ன நிறம் என்று சொல்ல முடியாது. நின்று பார்த்தால் பச்சை. கொஞ்சம் தள்ளி நின்றால் ஊதா. உட்கார்ந்தால் பழைய தங்கம். மழைத் தண்ணீரில் எண்ணெய் மிதப்பது போல, நாம் அசைந்தால் அதுவும் அசையும். கீழே பட்டறையில் இந்த வகைக் கண்ணாடிக்குப் புறாக்கழுத்து என்று பெயர். அடியிலிருந்து ஒரு கொடி கிளம்பி உடம்பைச் சுற்றி ஏறுகிறது. நுனி கூர்ந்த இலைகள். சுருண்ட பற்றுக்கம்பிகள். கழுத்துக்குக் கீழே ஒரே ஒரு மொட்டு. அதற்கு மேல் கொடி போகவில்லை. செய்தவர் அங்கேயே நிறுத்திவிட்டார்.

ஜன்னலில் வெயில் ஏறினால் எதிர்ச் சுவரில் ஒரு நிறத்துண்டு விழும். அது சுவரில் மெல்ல நகரும். அலமாரியில் ஏறும். ஆணியில் தொங்கும் என் மனைவியின் வேலை அங்கியைத் தொட்டுவிட்டு இறங்கிப் போய்விடும். அவள் அதைப் பூனை என்பாள். "உன் பூனை வந்தாச்சு பாரு, பால் ஊத்து" என்பாள். மழைக்காலம் முழுக்க அது வரவில்லை. இப்போது மழை விட்டுவிட்டது. திரும்பவும் வருகிறது.

சாடி எங்களுடையது அல்ல.

எங்கள் வீடு மாடியில். கீழே மாமாவின் பட்டறை. உடையும் சாமான்களைப் பெட்டி கட்டி வெளியூருக்கு அனுப்புகிற பட்டறை. மாமா என் மனைவியின் அப்பா. அவளும் அங்கேதான் வேலை செய்தாள். கண்ணாடியைக் கழுவுவதும் கட்டுவதும் அவள் பொறுப்பு. நான் நகர நீர் வழங்கல் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறேன், எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் போகிறது என்று. "யாரும் பாக்காததை வரையறவர்" என்றுதான் அவள் என்னைப் பிறருக்கு அறிமுகப்படுத்துவாள்.

சாடி கண் டாக்டரம்மாவுடையது. ஓய்வு பெற்று, வீட்டை விற்று, கடலோரத்தில் தம்பி வீட்டோடு இருக்கப் போகிறார். அவருடைய அப்பா வாங்கிய சாடி. சாமான்களை ஒப்படைத்தபோது, "இது ஒண்ணு பத்திரமா வந்து சேர்ந்தா போதும். மத்ததெல்லாம் உடைஞ்சாலும் அழ மாட்டேன்" என்றாராம். உள்ளே சுண்ணாம்புக் கறை படிந்திருந்தது. தேய்த்தால் மினுக்கு போய்விடும். அதனால் என் மனைவி அதை மாடிக்குக் கொண்டுவந்து, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்தாள்.

கறை முழுவதும் போன அன்று காலையில் அதைத் துடைத்து உலர்த்தினாள். உள்ளே அடைக்கக் காகிதம் கொண்டுவரக் கீழே இறங்கினாள். படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலைக்குள் ஏதோ ரத்தக்குழாய் என்று பிறகு சொன்னார்கள். மாமாதான் முதலில் பார்த்தார். களைப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்து, "என்னம்மா, அதுக்குள்ளயா?" என்று கேட்டாராம்.

அன்றிலிருந்து மாமா அந்தப் படியில் கால் வைத்ததில்லை. நான் சாடியில் கை வைத்ததில்லை.

இன்று வண்டி வருகிற நாள்.

அத்தை மேலே வந்தாள். கையில் டீ. வாசலுக்குப் பக்கத்துப் பலகையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். பிறகுதான் நான் எடுத்தேன். இந்த வீட்டில் அப்படித்தான்.

"வண்டி கிளம்பிருச்சாம் மாப்ள."

"தெரியும் அத்தை."

"தெரியும் தெரியும்னா? டாக்டரம்மா நேத்தே வீட்டுச் சாவியைக் கொடுத்துட்டாங்க. ஸ்டேஷன் பக்கத்துல ரூம் எடுத்துத் தங்கியிருக்காங்க. பாவம், இவ்வளவு நாளும் வாயத் திறந்து கேக்கல. வேற யாராவதா இருந்தா நம்மள உண்டு இல்லன்னு ஆக்கியிருப்பாங்க."

நான் டீயைக் குடித்தேன். சர்க்கரை அதிகம். அத்தைக்கு இப்போதெல்லாம் அளவு தப்புகிறது.

"நான் எடுத்துட்டுப் போயிரவா?"

"வேணாம் அத்தை."

"அப்ப நீங்க எடுங்க."

நான் டம்ளரைப் பலகையில் வைத்தேன்.

"அதுவும் மாட்டீங்க. உங்க மாமா மாடிப் பக்கமே தலை வெக்க மாட்டார். புதுப் பொண்ண உக்கார வெச்ச மாதிரி இதை உக்கார வெச்சு ஆளுக்கொரு பக்கம் பாத்துட்டே இருங்க."

திட்டிவிட்டு அவள் போகவில்லை. முந்தானையால் அடுப்பு மேடையைத் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

"அன்னிக்கு அவ என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா மாப்ள?"

"இல்ல அத்தை."

"முந்தின நாள் அந்த விரிப்புக்காகக் கத்திட்டேன்ல. என் நல்ல வெள்ளை விரிப்பு. அதைக் கிழிச்சுக் கண்டவங்க தட்டுக்குச் சுத்தறியேன்னு. காலையில இறங்கி வருவா, சமாதானமாப் போயிரலாம்னு இருந்தேன்." அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். "திட்டியிருந்தாலும் சொல்லுங்க. திட்டினதாவது காதுல விழட்டும்."

"ஒண்ணும் சொல்லல அத்தை."

"ஒருத்தி ஒண்ணுமே சொல்லாமலா போவா? அதுவும் அவ? தூங்கறப்பகூட வாய் ஓயாது அவளுக்கு."

அவள் கடைசியாகப் பேசியது என்னிடம்தான். இதே சமையலறையில். அத்தைக்கு அது தெரியும். நான் மறைக்கவில்லை. அது சொல்லும்படியான ஒன்றாக எனக்குத் தோன்றவில்லை. தினமும் பத்துத் தடவை சொல்கிற பேச்சு. அத்தை காத்திருப்பது அதற்காக அல்ல.

அலுவலகத்துக்கு லீவு சொல்லியிருந்தேன். கீழே போனேன்.

பட்டறையில் மரச்சுருள் வாசனை. கதவு திறந்திருந்ததால் தெருவின் ஈரமண் வாசனையும் கலந்து வந்தது. மாமா டாக்டரம்மாவின் கடைசிப் பெட்டிகளை மூடிக்கொண்டிருந்தார். அவர் பெட்டி மூடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதலில் பெட்டியை மெதுவாக ஆட்டுவார். காதை வைத்துக் கேட்பார். உள்ளே ஏதாவது நகர்ந்தால் முகம் சுருங்கும். திறந்து, ஒரு பிடி காகிதத்தைச் செருகி, மறுபடி ஆட்டுவார். சத்தமே வராதபோதுதான் ஆணி.

ஓரமாக உட்கார்ந்து பழைய காகிதத்தைக் கிழித்துக் கசக்கிக்கொண்டிருந்தார் ரேடியோ அக்கா. காகித வேலைக்கு வருகிறவர். யாரும் நிறுத்த முடியாது என்பதால் அந்தப் பெயர்.

"வாங்க தம்பி. அந்தப் பெட்டிய இன்னும் எத்தனை நாளைக்கு வாயப் பொளந்துட்டு வெச்சிருக்கறது? ஏதாவது பூனை வந்து குட்டி போட்டுரும்."

அவர் காட்டிய பெட்டி சுவரோரம் தனியாக இருந்தது. சாடிக்கான பெட்டி. அவள் தயார் செய்தது. கண்ணளவிலேயே வெட்டியிருந்தாள். மரச்சுருளை அடர்த்தியாக நிரப்பி, நடுவில் சாடியின் வடிவத்தில் ஒரு குழி விட்டிருந்தாள். அடி அகன்று, இடை ஒடுங்கி, வாய் விரிந்து. சாடி இல்லாத சாடி. மாமா அதைச் சுற்றிப் பெருக்குவார். அதைத் தொட மாட்டார். ஈரக்காற்றில் சுருள்கள் கொஞ்சம் தளர்ந்திருந்தன. ஆனாலும் குழி அப்படியே இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தால் அதற்குள் ஏதோ இருப்பது போலவும், நம் கண்தான் பிடிக்கவில்லை என்பது போலவும் தோன்றியது.

இந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கைக்குக் கை கிடையாது. கண்ணாடியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் நேராக வாங்கக் கூடாது. கொடுப்பவர் மேசையில் துணி விரித்து வைக்க வேண்டும். விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி. விரிசலோ ஒட்டோ இருந்தால் அந்தப் பக்கம் எடுப்பவரைப் பார்த்து இருக்க வேண்டும். கையை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர் எடுப்பார். "அவர் பிடிச்சிருக்கார்னு இவர் நினைப்பார், இவர் பிடிச்சிருக்கார்னு அவர் நினைப்பார். நடுவுல கண்ணாடி தரையில கிடக்கும்" என்பார் மாமா. அவர் பார்த்த உடைசல்களில் பாதி அப்படி உடைந்தவைதானாம்.

கண்ணாடிக்கான வழக்கம் இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. டீ, உப்பு டப்பா, சாவி, எதுவும் கையில் தரமாட்டார்கள். முதன்முதலில் ஒரு பெட்டியை அனுப்ப இங்கே வந்தேன். அவள் பேனா கேட்டாள். நீட்டினேன். வாங்கவில்லை. இரண்டு விரலால் மேசையைத் தட்டினாள். என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு சொல்லிக் கிண்டல் செய்தேன். "பேனா உடையுமா?" "பழக்கத்தை மாத்தினா சாடி உடையும்" என்றாள்.

தெருவில் ஹாரன் சத்தம். தாடிக்கார டிரைவர் உள்ளே வந்தார்.

"எல்லாம் ரெடியா அண்ணே?"

மாமா ஆணியடிப்பதை நிறுத்தவில்லை. "ஒண்ணு பாக்கி."

"எங்க அது?"

எல்லாரும் கூரையைப் பார்த்தோம். டிரைவரும் பார்த்தார். அங்கே ஒரு பல்லி மட்டும்தான் இருந்தது.

"என்னய்யா இது, மேல பறந்துட்டு இருக்கா?"

ரேடியோ அக்கா மடியை உதறிக்கொண்டு எழுந்தார். "நான் போய் எடுத்துட்டு வரேன். ஒரு சாடியைத் தூக்க ஊரே கூடி யோசிக்கணுமா? அந்தப் பொண்ணு இருந்திருந்தா இந்நேரம் கட்டி அனுப்பிட்டு அடுத்த வேலையப் பாத்திருக்கும்."

அவர் படியேறினார். நான் பின்னாலேயே போனேன். தடுக்க வேண்டும் என்று நினைத்தேன். சமையலறைக்குள் போய் அவர் இரண்டு கைகளையும் சாடியை நோக்கி நீட்டினார். அடுப்பருகே நின்ற அத்தை, "பாத்து, பாத்து" என்றாள்.

"தொடாத!"

மாமாவின் குரல். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. கீழே சுத்தியல் விழுந்தது. பிறகு படியில் காலடிச் சத்தம். அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் ஏறுவதைக் கண்ணால் பார்க்க முடியாவிட்டாலும், எந்தப் படியில் நின்றார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அங்கே சத்தம் நின்றது. வெகுநேரம் போல இருந்தது. பிறகு மறுபடி கேட்டது.

வாசலில் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "அதோட அடியில விரிசல் இருக்கு. தெரியாம தூக்கினா கையோட வந்துரும்."

ரேடியோ அக்காவின் கைகள் இன்னும் அந்தரத்தில் இருந்தன. "நான் தொடல அண்ணே. தொடப் போனேன். ஆனா தொடல."

மாமா உள்ளே வந்தார். சாடியைப் பார்த்தார். முதலில் ஓர் ஆளைப் பார்ப்பது போல. பிறகு வேலையைப் பார்ப்பது போல. மேசையின் மட்டத்துக்குக் குனிந்தார். ஒரு சுற்று வந்தார். அப்போது வெயில் ஏறியது. சுவரில் நிறத்துண்டு விழுந்தது. பச்சை, பிறகு ஊதா.

"இதை இங்க யார் வெச்சது?"

"நான்தான் மாமா."

"எப்ப?"

"அன்னிக்கு."

"அதுக்கப்புறம் நகர்த்தலயா?"

"இல்ல."

"அவ எங்க நின்னா?"

"நீங்க நிக்கற இடத்துல."

மாமா காலை எடுத்துப் பின்னால் வைத்தார். எதையோ மிதித்துவிட்டது போல. பிறகு விரலை நீட்டி, தொடாமல், காற்றிலேயே காட்டினார். "துணி மடிச்சுப் போட்டிருக்கு. விளிம்புல இருந்து தள்ளி இருக்கு. இந்த இலைக்கு அடியிலதான் விரிசல். அதை அவ பக்கமாத் திருப்பி வெச்சிருக்கீங்க."

"அவ சொல்லிக் கொடுத்ததுதான்."

"ஒழுங்கா வெச்சிருக்கீங்க மாப்ள." அவர் குரல் தணிந்தது. "அவளுக்காக வெச்சது."

"ஆமா."

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "என்ன பேசறீங்க ரெண்டு பேரும்? சாடி இருக்கு. பெட்டி இருக்கு. வண்டிக்காரன் வாசல்ல நிக்கறான். எடுத்துக் கட்ட வேண்டியதுதான?"

"ஒருத்தருக்காக வெச்சதை இன்னொருத்தர் எடுக்கக் கூடாதுடி. எடுக்க வர்றவங்க தேடுவாங்க."

"தேடறதுக்கு அவ வரணுமே" என்றாள் அத்தை.

அந்த வீட்டில் அதை அதுவரை யாரும் சொன்னதில்லை. போயிட்டா என்று சொல்லியிருக்கிறோம். விதி என்று வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வரமாட்டாள் என்று யாரும் சொன்னதில்லை. ரேடியோ அக்கா நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டார். கீழே டிரைவர் யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்டது. சுவரில் நிறத்துண்டு அலமாரிக்குப் போய்விட்டது.

மாமா கண்ணைத் துடைக்கவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினார்.

"எடுக்க வேண்டியவங்க வராட்டி, வெச்சவங்கதான் திரும்ப எடுக்கணும். அதுக்கும் வழக்கம் இருக்கு மாப்ள. சாயங்காலம் வேலை முடியறப்ப பாதியில நிக்கறதை அப்படித்தான் எடுத்து வெப்போம்."

"அதை அவ சொல்லிக் கொடுக்கல."

"கொடுத்திருக்க மாட்டா. அவளுக்குன்னு வெச்சதை அவ எடுக்காம விட்டதே இல்லையே."

மேசையின் என் பக்கத்தில் நின்றேன். கையை நீட்டினேன். கண்ணாடி குளிர்ந்திருந்தது. தூசி படிந்து வழவழப்பு குறைந்திருந்தது. ஒரு கை அடியில், ஒரு கை இடையில். அப்படித்தான் தூக்க வேண்டும். தூக்கினேன். நினைவில் இருந்த கனம் இல்லை. அன்று இது கனமாக இருந்தது என்று ஏனோ நினைத்துக்கொண்டிருந்தேன்.

அலமாரியிலிருந்து பூனை குதித்தது. கூரைக்குத் தாவியது. அத்தையின் முகத்தில் விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றி பச்சையாகி, கன்னம் பொன்னாகி, மறுபடி வெறும் அத்தை ஆனாள். பிறகு மாமாவின் சட்டையில். பிறகு ஆணியில் தொங்கிய அங்கியில். என் மூச்சு அசைந்ததற்கெல்லாம் அது அறை முழுக்க அலைந்தது. யாரும் நகரவில்லை. தண்ணீருக்கு அடியில் நிற்பது போல இருந்தது.

மேசையில் துணி மட்டும் கிடந்தது. சாடியின் அடி இருந்த இடம் வட்டமாக, வெள்ளையாக. சுற்றிலும் தூசி.

"என் விரிப்பு" என்றாள் அத்தை. கையில் எடுக்கவில்லை. ஓரத் தையலை மட்டும் தடவினாள். "இதுலயா வெச்சிருக்கு? நல்லாத்தான் மடிச்சிருக்கா."

கையில் சாடியோடு நின்றேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்போது மாமா இரண்டு கைகளையும் நீட்டினார். உள்ளங்கை மேல் நோக்கி. ஆயுசு முழுக்க யாரிடமும் அப்படி நீட்டாத கைகள்.

"கொடுங்க மாப்ள. பரவால்ல. கையிலயே கொடுங்க."

"அண்ணே!" என்றார் ரேடியோ அக்கா.

"அவ ஊறவெச்சது. அவ துடைச்சது. திரும்ப அந்த மேசையில வெக்க வேணாம். கையிலயே கொடுங்க."

என் கைகள் பாதி நீண்டுவிட்டன. சாடி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தது. விரிசல் எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை. அவருடைய விரல்கள் கண்ணாடியை எட்டப் போயின.

"மாப்ள." அத்தை துணியைப் பார்த்தபடியே கேட்டாள். "இப்பவாவது சொல்லுங்க. அவ என்னதான் சொன்னா?"

அன்றும் இப்படித்தான். அவள் துடைத்து முடித்த சாடியைத் தூக்கி, வழக்கம் நினைவில்லாமல், நேராக அவள் கைக்கு நீட்டினேன். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சிரித்தாள். பிறகு இரண்டு விரலால் மேசையைத் தட்டினாள்.

மாமாவின் கைகளையும் அத்தையின் முகத்தையும் பார்த்தேன். அவள் எப்படிச் சொன்னாளோ அப்படியே சொன்னேன்.

"கீழ வைப்பா. நான் எடுத்துக்கறேன்."